படம் எடுக்கலாமா?

உங்களிடம் ஒரு கேள்வி. ஒருவர் கண்ணை மூடி உருகி சாமி கும்பிடும்போது அவரைப் படம் எடுப்பது சரியா?

நானும் எடுத்திருக்கிறேன். பத்துமலைத் தைப்பூசத்தில் அருள் வந்து ஆடிய ஒரு காவடிக்காரரைப் பக்கத்தில் போய் எடுத்தேன். 'லைக்' குவிந்தது. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. அப்போது அது தப்பாகத் தோணவே இல்லை.

போன செமஸ்டர் விடுமுறையில் நண்பர்களோடு கம்போடியா போனேன். ஒருநாள் காலையில் நோம் பென் நகரிலுள்ள துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். முன்பு அது ஒரு பள்ளிக்கூடம். 1975 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் அதைச் சிறையாக்கியது. கைதிகள் வந்ததும் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு சித்திரவதை, மரணம். சுவர் முழுக்க அந்த முகங்கள். படங்கள் தெளிவாகவே இருந்தன. அதுதான் என்னை உலுக்கியது. கேமராவுக்கு நல்லது கெட்டது தெரியாது.

அந்த ஆட்சியில் சுமார் 17 இலட்சம் பேர் மாண்டார்கள். அரண்மனை நடன ஆசிரியர்களில் பெரும்பாலோரும் அதில் போய்விட்டார்கள். தப்பிப் பிழைத்த சிலர், தங்கள் உடம்பில் தங்கியிருந்த நடனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து மீட்டார்கள். 2003-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அரும்பாரம்பரியமாக அறிவித்தது.

அன்று மாலை ஒரு நடனப் பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். வியாழக்கிழமை. அங்கே 'சம்பியா க்ரூ' நடந்தது. 'க்ரூ' என்றால் நம்ம குருதான். அவர்களுக்கும் வியாழன் குருவின் நாள். இராமாயணமும் அவர்களிடம் நடனமாக இருக்கிறது. முகமூடிகளுக்கு முன்னால் ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, பழங்கள். இறந்த ஆசிரியர்களையும் நினைத்து வணங்குகிறார்கள்.

கண் மூடிக் கைகூப்பியிருந்த ஒரு பெண்ணை நோக்கி ஃபோனைத் தூக்கினேன். காலையில் பார்த்த முகங்கள் நினைவுக்கு வந்தன. இறக்கிவிட்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு, வழிகாட்டி மூலமாக அங்கிருந்த வயதான ஆசிரியையிடம் அனுமதி கேட்டேன். தாராளமாக எடுக்கலாம், ஆனால் தங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்றார். தன் குருவின் படம் ஒன்றுகூட தன்னிடம் இல்லையாம்.

"கேட்டுக்கிட்டிருந்தா அந்த மொமென்ட் போயிடுமே"ன்னு நண்பன் சொன்னான். போகட்டும். அது நம்முடைய நேரம் இல்லை, அவர்களுடையது. கோயிலில் நாம் சாமியைப் பார்க்கிறோம், சாமியும் நம்மைப் பார்க்கிறது. அதனால்தான் அதைத் தரிசனம் என்கிறோம். நாம் மட்டும் பார்த்து, எடுத்து, கொண்டுபோவது தரிசனம் ஆகாது.

அந்த நாட்டின் காயத்தை ஆற்றியது படம் இல்லை. பிள்ளைகளின் விரலைப் பிடித்து வளைத்துச் சொல்லிக்கொடுத்த கைகள்தான் ஆற்றின. ஆனால் குருவின் முகத்தைப் பார்க்க ஒரு படம் இல்லாதவருக்கு, படம் வெறும் காகிதம் இல்லை. அப்படியென்றால் எடுப்பது தப்பில்லை. கேட்காமல் எடுப்பதும், கொடுக்காமல் வைத்துக்கொள்வதும்தான் தப்பு.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஆசிரியைக்குப் படங்களை அனுப்பினேன். காவடிக்காரர் படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் ஒரு பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தைப்பூசத்தில் அவரைத் தேடிக் கையில் கொடுக்கணும்.

உங்கள் ஃபோனில் இருப்பது யாருடைய முகம்? அவருக்குக் கொடுத்தீங்களா?