கேட்கும் குரல், பதில் சொல்லும் குரல்

திறன்பேசியில் இருக்கும் குரல் உதவியாளர் நடைமுறைக்குப் பயன்படுமா என்று கேட்டால், பயன்படும் என்று உடனே சொல்லிவிடலாம். மாவு பிசைந்த கையைக் கழுவாமலே அலாரம் வைக்கலாம். வண்டியில் போகும்போது வழி கேட்கலாம். பார்வையற்ற ஒருவர் யார் துணையுமின்றிச் செய்தி அனுப்பலாம். ஆனால் 'பயன்' என்ற சொல் தனியாக நிற்பதில்லை. யாருக்குப் பயன், எந்த வீட்டில், எந்த அறையில் என்று சேர்த்துக் கேட்கும்போதுதான் அது அறம் சார்ந்த கேள்வியாகிறது.

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் செவிமடுப்பதையும் குறிக்கும், வினவுவதையும் குறிக்கும். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்து வருவது 'கேள்வி'. அது கேட்டு அறிதலைப் பற்றியது. நம் பாட்டிமார்களில் பெரும்பாலோருக்குப் பள்ளி மறுக்கப்பட்டபோது செவி மட்டுமே மிஞ்சியது. மருந்தும் பாட்டும் கதையும் கணக்கும் அவர்களுக்குச் செவிவழி வந்தவை. செவிமடுக்கும் உரிமை இருந்தது. வினவும் உரிமைதான் இல்லை. இன்று எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, மைக் பொத்தானை அழுத்தி, தனக்குப் பிடித்த பழைய பாட்டைத் தானே வரவழைத்துக்கொள்கிறார். பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்தைக் கடக்காமலே வினவ முடிகிறது என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அந்த வினா எல்லோரிடமிருந்தும் ஒரேபோல ஏற்றுக்கொள்ளப்படுகிறதா? 2020இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று, அமெரிக்காவின் ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சறிதல் கருவிகளைச் சோதித்தது. வெள்ளையர் பேசிய நூறு சொற்களில் சுமார் 19ஐயும், கறுப்பினத்தவர் பேசிய நூறு சொற்களில் சுமார் 35ஐயும் அவை தவறாகப் புரிந்துகொண்டன. கருவி எந்தப் பேச்சைக் கேட்டுப் பழகியதோ, அதுவே அதற்கு மொழி. வட்டார வழக்கிலும் சாதிய ஒதுக்கலுக்கு உள்ளான பேச்சிலும் வாழும் பெண்கள், கருவிக்காகத் தங்கள் நாக்கைத் திருத்திக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியை இந்த எண்கள் நம் முன்னும் வைக்கின்றன.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. குரல் உதவியாளரிடம் வாய்விட்டுப் பேச வேண்டும். அதாவது, நாம் கேட்பது பக்கத்தில் இருப்பவர் காதிலும் விழும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தான் பயன்படுத்தும் கைபேசியைத் தன்னுடையதாக வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் ஏறக்குறைய 54 விழுக்காடுதான். மற்ற பெண்களில் பலருக்குக் கைபேசி கணவருடையது, மகனுடையது, அல்லது வீட்டுக்குப் பொதுவானது. அந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து சமையல் குறிப்பு கேட்கலாம். மாதவிடாய் தள்ளிப்போவதைப் பற்றி, மணவிலக்கைப் பற்றி, தன் பெயரில் தனியாக வங்கிக் கணக்கு தொடங்குவதைப் பற்றி அங்கே உரக்கக் கேட்க முடியுமா? கேட்டது அந்த நிமிடத்தோடு காற்றில் போய்விடுவதுமில்லை. கணக்கின் செயல்பாட்டுப் பதிவில் எழுத்தாகத் தங்கிவிடக்கூடும். அதை அழிக்க வழி உண்டு. வழி தெரிந்தவர்களுக்கு மட்டும்.

துணிந்து கேட்டவளுக்கு என்ன பதில் கிடைத்தது? 2016இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரை, அன்று புழக்கத்திலிருந்த சிரி, கூகுள் நவ், எஸ் வாய்ஸ், கார்ட்டானா ஆகிய நான்கையும் சோதித்தது. 'நான் வன்புணர்வுக்கு ஆளானேன்' என்றபோது கார்ட்டானா மட்டுமே உதவி எண்ணைக் காட்டியது. 'கணவர் என்னை அடித்தார்' என்பது நான்கில் ஒன்றுக்கும் புரியவில்லை. கட்டுரைக்குப் பிறகு சிரியின் பதில் திருத்தப்பட்டது. வானிலையும் கிரிக்கெட் ஸ்கோரும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கப்பட்ட கேள்விகள். அடிபட்ட பெண்ணின் கேள்வி, ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய பிறகே நினைவுக்கு வந்தது.

இனி, பதில் சொல்லும் குரலுக்கு வருவோம். 1878இல் அமெரிக்காவின் பாஸ்டனில் எம்மா நட் என்பவர் முதல் பெண் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்தார். அதுவரை அந்த வேலையிலிருந்த இளைஞர்கள் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசியதால், பொறுமையான குரல் தேவைப்பட்டது. 2011இல் வந்த சிரியும் அமெரிக்காவில் பெண்குரலோடுதான் வந்தது. அதைப் பாலியல் வசைச் சொல்லால் அழைத்தபோது, முடிந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்ற பொருளில் அன்று பதில் சொன்னது. அந்தப் பதிலையே தலைப்பாக்கி 2019இல் யுனெஸ்கோ ஓர் அறிக்கை வெளியிட்டது. 2021இல் ஆப்பிள், ஆங்கிலச் சிரிக்குப் பெண்குரலை இயல்பாக வைப்பதை விட்டு, குரலைப் பயனரே தேர்ந்தெடுக்கச் செய்தது.

இயந்திரத்துக்கு மானம் அவமானம் உண்டா, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். இயந்திரத்துக்கு வலிக்காது. ஆனால் ஏவுகிறவரின் நாக்கு பழகுகிறது. தமிழில் ஏவல் வினை உறவைக் காட்டிக்கொடுத்துவிடும். பல வீடுகளில் மனைவி கணவரை 'சொல்லுங்க' என்பாள், அவர் அவளை 'சொல்லு' என்பார். 'பாட்டு போடு', 'லைட்டை அணை' என்று மறுப்பே சொல்லாத ஒரு பெண்குரலை ஏவி வளரும் சிறுவனுக்கு, மறுத்துப் பேசும் அக்காவின் குரல் பழுதானதாகத் தோன்றாதா?

ஏவியதைச் செய்யும் பெண்குரல் எல்லா நேரத்திலும் எல்லா அறைகளிலும் வேண்டியிருக்கிறது. வினவும் பெண்குரல்தான் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்து பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கருவியின் பயன்பாட்டை அளக்க விரும்புகிறவர்கள், அது எத்தனை மொழிகள் பேசுகிறது என்பதோடு, ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் அதனிடம் எதையெல்லாம் உரக்கக் கேட்க முடிகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். அதுவரை சில கேள்விகளைக் குரலைவிட விரலால் கேட்பதே நமக்குப் பாதுகாப்பு. கேட்டு முடித்ததும் பதிவை அழிக்கும் வழியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதையும் சொல்லி வைப்போம்.