பிரயாசையும் பிரார்த்தனையும்

பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, லாந்த் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், திராட்சைக் கொடிகளும் ஓக் மரங்களும் மாறி மாறி வரும் மணற்பாங்கான பூமியில், சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு மாதா கோயில் இருக்கிறது. 1291-ல் ஸ்தாபிக்கப்பட்ட லபஸ்தீத்-தர்மன்யாக் என்னும் சிற்றூருக்குச் சற்று வெளியே, பழைய உரோமானிய மாளிகை ஒன்றின் இடிபாடுகள் மீது எழுந்து, காலப்போக்கில் கேட்பாரற்றுப் போயிருந்த அந்தச் சிறு கோயிலை, இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலுள்ள கிஸாலோ மலைக்கோயிலைத் தரிசித்து வந்த ஜோசெஃப் மஸ்ஸி என்ற பாதிரியார் சைக்கிளோட்டிகளின் மாதாவுக்கு அர்ப்பணிக்க விரும்பினார். 1959-ல் பாப்பரசர் 23-ஆம் யோவான் அதற்கு இசைவளித்தார். கிஸாலோ மாதாவை 12-ஆம் பயஸ் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தது அதற்குப் பத்தாண்டு முன்பு, 1949-ல்.

கடலோடிகளுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் தனிக் கோயில்கள் ஏற்பட்ட காரணம் விளக்கம் வேண்டாதது. பிழைப்பின் பொருட்டு மரணத்தின் விளிம்பில் நடக்கிறவன் தெய்வத்தின் நிழலை நாடுவது இயல்பு. அக்காலத்துக் கிராமவாசிக்குச் சைக்கிளும் ஒரு பிழைப்புக் கருவியே என்பது மெய்தான். ஆனால் இந்தக் கோயிலை நிறைத்துத் தொங்குபவை தபால்காரனுடைய பையோ கூலியாளுடைய கோட்டோ அல்ல. பந்தய வீரர்கள் காணிக்கையாகக் கொடுத்த நூற்றுக்கணக்கான வண்ணச் சட்டைகள். 1989-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் இவ்வூரிலிருந்தே புறப்பட்டது. ஆக, உயிருக்காகவும் உணவுக்காகவும் அன்றி விளையாட்டாக மேற்கொண்ட ஒரு வருத்தத்தை ஒரு மதம் தன் பீடத்தின் அருகே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எவருக்கும் ஒரு கவளம் உணவும் விளைவிக்காத உடற்பிரயாசை தெய்வத்துக்குச் சமர்ப்பிக்கத் தக்கதா? இன்னும் ஒருபடி மேலே போய், அந்தப் பிரயாசையே பிரார்த்தனை ஆகிவிடும் என்று சிலர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாமா?

அப்படிச் சொல்பவர்கள் வெறும் மயக்கத்தில் சொல்லவில்லை. அந்தப் பிரதேசத்தின் உட்சாலைகள் ஒரு வண்டிக்கு மேல் இடங்கொடாத குறுகலான சாலைகள். நெடுநேரம் மோட்டார் வண்டி ஒன்றும் எதிர்ப்படாமல் போகலாம். செம்பழுப்பு மணலில் வரிசை வரிசையாகக் கொடிகள். அவற்றுக்கு அப்பால் ஓக் தோப்பு. தெளிவான நாட்களில் தெற்கே பிரனீஸ் மலைத்தொடரின் பனிச்சிகரங்கள். காதில் சங்கிலியின் மெல்லிய இரைச்சலும் காற்றும் மட்டும். முதல் ஒரு மணி நேரம் மனம் தன் பழைய கணக்குகளையே புரட்டிக்கொண்டிருக்கும்: யார் என்ன சொன்னார்கள், நாம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், இன்னும் எத்தனை மைல். பிறகு ஒரு மேடு வரும்; பெரிய மேடன்று, ஆனாலும் மூச்சு முழுவதையும் அது கேட்டு வாங்கிக்கொள்ளும்; உள்ளே பேசிக்கொண்டிருந்த குரலுக்கு மூச்சில்லாமல் போகும். அடுப்பிலிருந்து இறக்கிய பால் அடங்குவதுபோல் அந்த இரைச்சல் அடங்கிய பின், கண்ணெதிரே நிற்கும் ஒரு கொடியின் முறுக்கு, அதில் கவாத்துக் கத்தி பட்ட தழும்பு, இவை முதன்முறையாகத் தென்படும். இந்த அமைதியை அனுபவித்தவன் அதைப் பிரார்த்தனை என்று அழைக்க விரும்பினால் அவனிடம் கோபிக்க என்னால் இயலாது.

ஆயினும் இங்கே அவசரப்படலாகாது. ஐரோப்பாவில் திராட்சைக் கொடியையும் துறவு வாழ்வையும் இணைத்தவர்கள் புனித பெனடிக்டின் வழிவந்த துறவிகள். பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும், விருந்தினருக்கும் வேண்டும், ஆகவே மடங்கள் தோறும் தோட்டமிட்டார்கள். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு, உடலுழைப்பைத் துறவியின் கடமையாக்கியது; நாளொன்றுக்கு இவ்வளவு திராட்சை மது போதும் என்று அளவுகூடச் சொன்னது. ஆனால் அதே ஒழுங்கு, பிரார்த்தனை மணி ஒலித்த கணமே கையிலுள்ள வேலை எதுவாயினும் அதைப் போட்டுவிட்டு விரைய வேண்டும் என்றும் விதித்தது. உழைப்பே பிரார்த்தனை என்று அவர் கருதியிருந்தால் மணிக்கு அவசியமே இல்லை. எல்லாமே பிரார்த்தனைதான் என்று சொல்லத் தொடங்கியவன் விரைவில் பிரார்த்தனை செய்வதையே நிறுத்திவிடுவான் என்பதை அந்தப் பெரியவர் அறிந்திருந்தார் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த முடிச்சை அவிழ்க்க உதவக்கூடியவர் எனக்குத் தெரிந்து ஒருவரே. சிமோன் வெய்ல் (1909–1943) யூதக் குடும்பத்தில் பிறந்து, தத்துவம் கற்பித்து, கிறிஸ்துவிடம் ஆழ்ந்த பக்தி கொண்டும் ஞானஸ்நானம் பெற மறுத்துத் திருச்சபையின் வாயிலிலேயே நின்றவர். 1941-ன் இலையுதிர் காலத்தில், ரோன் நதிக்கு அருகேயுள்ள கார் பிரதேசத்தில், அவர் கூலியாளாகத் திராட்சை பறித்தார். அந்நாட்களில் கிறிஸ்து கற்பித்த ஜெபத்தைக் கிரேக்க மூலத்தில் மனனம் செய்து, தினமும் சொல்லி வந்தார், தோட்டத்திலும் சொன்னார். சொல்லுகையில் கவனம் அணுவளவு பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒருமுறையேனும் முழுத் தூய்மையான கவனத்தோடு சொல்லி முடிக்கும்வரை விடமாட்டார். ஏகாக்கிரமான கவனமே பிரார்த்தனையின் சாரம் என்பது அவருடைய சித்தாந்தம். மார்செய் நகரில் எழுத்தாளர் ரெனே தோமாலிடம் சமஸ்கிருதம் பயின்று கீதையை மூலத்தில் படித்தவர் அவர் என்பதால், பலனைத் துறந்த கர்மம் என்ற கருத்து நம்மைப்போலவே அவருக்கும் பரிச்சயமானது.

இதே வெய்ல்தான் 1934 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை பாரிஸின் தொழிற்சாலைகளில் இடையிட்டு வேலை செய்து, அடிமையின் முத்திரை தம் ஆத்மாவில் பதிந்துவிட்டதாக உணர்ந்து வெளிவந்தவர். தொழிற்சாலையிலும் உடல் வருந்தியது, தோட்டத்திலும் வருந்தியது. இரண்டையும் அவர் தாமாகவே தேர்ந்துகொண்டார். ஆகவே வருத்தத்திலும் புனிதம் இல்லை, சுயவிருப்பத்திலும் இல்லை. இயந்திரத்தின் வேகமும், இத்தனை உருப்படிக்கு இத்தனை காசு என்ற கணக்கும் தொழிற்சாலையில் கவனத்தை முழுவதும் விழுங்கிவிட்டன. கொடியின் அருகே கை வேலை செய்ய, மனம் விடுதலையாய் இருக்க முடிந்தது.

இதைச் சைக்கிளோட்டிக்குப் பொருத்திப் பார்த்தால் விளங்கும். கைப்பிடியில் மாட்டிய சிறு கருவி அவனுடைய வேகத்தையும் இதயத் துடிப்பையும் ஏறிய உயரத்தையும் கணந்தோறும் காட்டிக்கொண்டேயிருக்க, அதிலிருந்து கண்ணெடுக்காமல் அந்த அழகிய சாலைகளைக் கடக்கிறவன் தனக்குத் தானே மேஸ்திரியாகி உருப்படிக் கணக்கு எழுதுகிறான். கருவியைக் கழற்றி வைத்தவனும் தப்பிவிட்டான் என்பதற்கில்லை. மனச்சாந்தி கிடைக்கும், தெய்விக அனுபவம் வாய்க்கும் என்ற எதிர்பார்ப்போடு மிதிக்கிறவனும் வியாபாரிதான். சரக்கு மட்டும் சூட்சுமமானது. அறுவடைக் காலத்தில் தோட்டத்தில் குனிந்து நிற்கும் கூலியாளைக் கடந்து போகும்போது ஒன்றை அவன் மறக்கலாகாது: தன்னுடைய வருத்தம் வண்டியைவிட்டு இறங்கியதும் தீர்ந்துவிடும், கூலியாளுடையதோ முதலாளி சொன்னால்தான் தீரும்.

அந்தப் பிரதேசத்தின் குடியானவர்களிடம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்கள் வளர்க்கும் வெள்ளைத் திராட்சையின் மது, குளிர்காலத்தில் செப்பு வாலையில் ஒரே தடவையாக வடிக்கப்பட்டு, ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கி அர்மன்யாக் ஆகிறது. ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். அதைத் தேவதூதர்களின் பங்கு என்று சொல்லி மனமார விட்டுவிடுகிறார்கள். பீப்பாயில் போதுமான காலம் கழிந்தபின் கண்ணாடிக் குடங்களுக்கு மாற்றப்படும் அந்த வடிநீரை, வடித்தவனே பருகுவான் என்ற நிச்சயமில்லை, பேரன் பருகக்கூடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபோது, லாந்தின் பள்ளியாசிரியர் ஃபிரான்சுவா பாக்கோ 1898-ல் இனங்கலந்து உண்டாக்கிய திராட்சை வகை இந்த மணலில் வேர்பிடித்து இன்றும் காய்க்கிறது. 2021 ஏப்ரலில் சில இரவுகளின் உறைபனி பிரான்சின் பெரும்பகுதியில் துளிர்களைக் கருக்கியது. கவாத்து செய்கிறவன் இவ்வளவையும் அறிந்தே கவாத்து செய்கிறான். பலன் அவனுக்கு வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் அது தன் கையில் இல்லை என்பதை ஒவ்வொரு வசந்தமும் அவனுக்கு உணர்த்துகிறது. விளைச்சலே இல்லாத பிரயாசை செய்யும் சைக்கிளோட்டியைவிட, விளைச்சலைத் தன் வசத்தில் வைத்திராத இந்தக் குடியானவன் பிரார்த்தனைக்கு நெருங்கியவன் என்பது என் கட்சி.

இனி, அந்தச் சட்டைகளுக்கு வருவோம். வெற்றியின் சின்னத்தைக் கோயிலில் மாட்டுவது அகங்காரத்தின் இன்னொரு வடிவமன்றோ என்று கேட்பவர்கள், அக்கோயிலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை வரைந்தவர் யார் என்பதை அறிய வேண்டும். அவர் ஆன்ரி ஆங்க்லாத். கோயில் அர்ப்பணிக்கப்பட்ட அதே 1959-ல் டூர் டி பிரான்ஸில் இரண்டாம் இடம் பெற்றவர். அவர் பிரதேச அணி ஒன்றைச் சேர்ந்தவராதலால், தேசிய அணியின் பெருவீரர்கள் அவர் ஜயிப்பதைக் காட்டிலும் ஸ்பானியரான பஹாமோன்டெஸ் ஜயிப்பதையே விரும்பி வழிவிட்டனர் என்பது பந்தய சரித்திரத்தில் பிரசித்தம். ஜயித்தவர்களின் சட்டைகளையும் தோற்றவர்களின் சட்டைகளையும் அங்கே அந்த இரண்டாமவருடைய கண்ணாடி வழியே வரும் ஒளிதான் காட்டுகிறது.

பாதுகாவல் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. ஸ்பெயினில் பிறந்து இளமையிலேயே இப்பக்கம் குடியேறிய பந்தய வீரர் லூயிஸ் ஓக்கான்யா இந்தக் கோயிலில்தான் திருமணம் செய்துகொண்டார். 1971-ல் டூர் டி பிரான்ஸில் தம் போட்டியாளர் எடி மெர்க்ஸைவிட ஏழு நிமிஷத்துக்கு மேல் முன்னணியில், மஞ்சள் சட்டை அணிந்திருந்த அவர், மாந்தே கணவாயின் இறக்கத்தில் புயல்மழையில் விழுந்து பந்தயத்தை இழந்தார். 1973-ல் அதே பந்தயத்தை வென்றார். பின்பு அர்மன்யாக் நாட்டிலேயே திராட்சைத் தோட்டக்காரராக வாழ்ந்து, 1994-ல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். மாதா அவரைக் காக்கவில்லையா என்று கேட்பது கொடுமை. காத்தாள் என்று சமாதானம் சொல்வதும் கொடுமை. பிரார்த்தனை ஒரு கவசம் என்று போதிப்பவர்கள் இந்த மனிதருடைய வாழ்க்கையின் முன் வாய் திறக்காமலிருப்பது நல்லது.

அதனால் வேண்டுதலே கூடாது, கேட்பதே தாழ்வு, வெறும் கவனமே உயர்வு என்ற முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். நானும் அதன் விளிம்புவரை போனதுண்டு. என்னைத் தடுத்து நிறுத்தியது வெய்ல் தோட்டத்தில் சொன்ன அந்த ஜெபமேதான். அதில் பாதிக்கு மேல் வேண்டுதல்: அன்றன்றைய அப்பம் கேட்கப்படுகிறது, மன்னிப்புக் கேட்கப்படுகிறது, தீமையிலிருந்து மீட்பு கேட்கப்படுகிறது. அவற்றுள் ஒன்றையும் அவர் தள்ளிவிடவில்லை. ஒவ்வொரு வேண்டுதலின் மீதும் முழுக் கவனத்தை வைத்தார், பிசகியபோது மறுபடி தொடங்கினார். அப்படியானால், மேட்டின் அடியில் நின்று, ஏற வலுக்கொடு என்று கேட்கிற பந்தயக்காரன், வேண்டுதலற்ற அமைதியைத் தன் சாதனையாகப் பாராட்டிக்கொண்டு கொடிகளினூடே மிதித்துச் செல்கிற உல்லாசப் பயணியைவிடக் கீழானவன் அல்லன். தன் பலவீனத்தை அறிந்திருக்கிறான் என்ற அளவில் அவன் அந்தக் குடியானவனுக்கே உறவு. மஸ்ஸி பாதிரியார் அவனுடைய சட்டையை வாங்கி மாட்டியது சரி என்றே நான் கொள்கிறேன்.