விலக்காமை: ஊட்டுதலின் எல்லை குறித்து

எடை குறைந்த, உணவைப் பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்குகிற குழந்தையின் உடலைத் தேற்றுவது எப்படி என்னும் கேள்விக்கு மருத்துவரிடமோ சமையற்கட்டிலோதான் பொதுவாக விடை தேடப்படுகிறது. ஆயினும் அதன் அடியில் சமயத்தையும் மெய்யியலையும் சேர்ந்த ஒரு வினா கிடக்கிறது: ஓர் உயிர் தனக்கு நன்மையானதைத் தானே மறுக்கும்போது, அந்நன்மையை அறிந்த மற்றோர் உயிர் எதுவரை வற்புறுத்தலாம்? இவ்வினாவை இறைவனையும் உயிரையும் முன்வைத்துத் தமிழக வைணவம் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருப்பதால், ஊட்டும் தாயின் தயக்கத்தை விளங்கிக்கொள்ள அவ்வாராய்ச்சி துணைசெய்யும்.

அவ்வைணவத்தின் இரு பிரிவினருள், வேதாந்த தேசிகரைத் தலைமை ஆசாரியராகக் கொண்ட வடகலையார், உயிர் தன் பங்கிற்குச் சரணாகதி என்னும் சிறு முயற்சியையேனும் செய்தாக வேண்டும் என்றனர். பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரோ, காக்கும் பொறுப்பு முழுவதும் இறைவனுடையது என்றனர். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைக் காட்டும் மர்க்கட நியாயமும், தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக் குட்டியைக் காட்டும் மார்ச்சார நியாயமும் இவ்விரு நிலைகளைக் குறிக்கும் உவமைகளாக நிலைத்துவிட்டன. கவனிக்கத்தக்கது என்னவென்றால், அருளுக்கு இத்துணை முதன்மை தந்த தென்கலை மரபும்கூட உயிரிடம் ஒன்றை எதிர்பார்த்தது. காக்க வருகிறவனைத் தடுக்காதிருத்தலாகிய விலக்காமையே அது. தாய் கவ்விச் சென்ற பூனைக் குட்டியும் பாலைத் தானேதான் உறிஞ்ச வேண்டும். விழுங்குதல் என்னும் செயலைப் பிறர் பொருட்டு எவராலும் செய்துவிட முடியாது.

அச்செயலைக் குழந்தையிடமே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, உடலின் அறிவு பற்றிய ஒரு சான்றைக் கருதலாம். 1920-களிலும் 1930-களிலும் அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளைக் கொண்டு நீண்ட ஆய்வொன்றை நடத்தினார். பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், கனி எனப் பலவகை உணவுகள் முன்னே வைக்கப்பட, எதை எவ்வளவு உண்பது என்பது குழந்தைகளிடமே விடப்பட்டது. ஒருவர் தேர்வு மற்றவருடையதைப் போல இல்லை. ஒரே குழந்தையின் தேர்வும் நாளுக்கு நாள் மாறியது. ஆயினும் அனைவரும் நன்கு வளர்ந்தனர். இதைக் கொண்டு குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்று முடிவு கட்டுவது அவசரமாகும். ஏனெனில் அத்தட்டுகளில் சர்க்கரையோ ஆலையில் பக்குவப்படுத்திய பண்டங்களோ இடம்பெறவில்லை, பட்டியலிலேயே சூட்சுமம் இருக்கிறது என்று டேவிஸே உணர்த்தினார். எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெரியவர் பொறுப்பு, உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் உரிமை என்று பிற்காலத்தில் எல்லின் சாட்டர் என்னும் உணவியலாளர் வகுத்த பங்கீடும் இதனோடு ஒத்துப்போகிறது.

அளிப்பவரின் அச்சம் எப்போதும் நியாயமானதன்று. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஓராண்டில் ஏறத்தாழ ஒன்பது கிலோவை எட்டுகிறது. இரண்டு வயதுக்குப் பிறகோ ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான் கூடுகிறது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயல்பு. புதிய உணவைக் கண்டு அஞ்சும் குணமும் ஏறத்தாழ அதே பருவத்தில் தலைதூக்குவதால், 'முன்பெல்லாம் நன்றாகச் சாப்பிடுவான்' என்னும் புலம்பல் வீடுதோறும் எழுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவைகளின்படி, வயதுக்குரிய நடு எடையிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்திற்கும் கீழே நிற்பதே எடைக்குறைவு எனப்படும். (திட்ட விலக்கம் என்பது நலமான குழந்தைகளுக்குள்ளேயே இயல்பாகக் காணப்படும் வேறுபாட்டின் அளவு.) ஒருநாள் எடையைவிட, மாதக்கணக்கில் வரையப்படும் கோடு தன் பாதையை விட்டு இறங்குகிறதா என்பதே முக்கியம்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் உள்ள சிக்கல் வறுமையும் நோயும் சார்ந்தது. மறுப்பு பற்றிய இவ்வினா, மறுப்பதற்கு உணவு இருக்கிற வீட்டின் வினா என்பதை மறந்துவிடலாகாது.

அத்தகைய வீட்டில் வளர்ச்சிக் கோடு இறங்கும்போது, மறுப்பது குழந்தைதானா, அதைப் பற்றியிருக்கும் குறையா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் குடற்புழுவும் பசியையே மந்தமாக்கும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் குடிக்கும் குழந்தை, வயிறு நிறைந்து சோற்றை ஒதுக்குவதோடு இரும்புச்சத்தையும் இழக்கிறது. விழுங்க வலியோ, தொடர் வாந்தியோ, எடை இழப்போ இருப்பின் மருத்துவரே முதற்படி. இவற்றை நீக்குவது குழந்தையின் விருப்பத்தை மீறுவதாகாது, அவ்விருப்பத்தை அதற்குத் திருப்பித் தருவதாகும்.

அதன் பின்னர் எஞ்சுவது அளிக்கும் முறை. சிறு வயிற்றுக்கு உணவின் அளவைப் பெருக்குவதைக் காட்டிலும் ஒவ்வொரு கவளத்தின் சத்தைப் பெருக்குவதே தக்கது என்பதால், பருப்புச் சோற்றில் நெய், கஞ்சியில் அரைத்த வேர்க்கடலை, முட்டை, எள், வாழைப்பழம் என்று சேர்ப்பதும், மூன்று வேளைக்கு இடையே இரு சிற்றுண்டி என்று நேரம் வகுத்து, அவற்றிற்கு நடுவே பாலும் பிஸ்கட்டும் புகாமல் காப்பதும் பயன் தரும். சர்க்கரை மிகுந்த சத்துமாவுப் பானங்கள் அப்பயனைக் கெடுக்கும். மறுத்த காயைப் பத்துப் பதினைந்து முறையேனும் வற்புறுத்தாமல் மீண்டும் வைக்க வேண்டியிருக்கும் என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டில், குழந்தை தன் சிறு கையால் சோற்றை அளைந்து உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. அங்கே எவரும் கரண்டியோடு துரத்தவில்லை.

கைபேசித் திரையைக் காட்டி, வாய் தானாகத் திறக்கும் நொடியில் கவளத்தைத் தள்ளும் இன்றைய வழக்கம் இவ்விடத்தில் நுட்பமான சிக்கலைத் தோற்றுவிக்கிறது. அங்கே மறுப்பு இல்லை. ஆனால் மறுக்கவோ ஏற்கவோ கூடிய ஒருவர் அந்நேரத்தில் அங்கே இல்லாததனால்தான் மறுப்பு இல்லை, ஆகவே அதை விலக்காமை என்று கொள்ள முடியாது. நிலாச்சோறும் பராக்குக் காட்டி ஊட்டுவதுதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே, எனினும் நிலவைக் காட்டுகிறவளின் முகமும் குரலும் குழந்தையின் கவனத்திற்குள்ளேயே நிற்கின்றன, சோறும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது.

இசைவு என்பதும் எளிய பொருளன்று. காந்தியின் பத்து வயது மகன் மணிலால் பம்பாயில் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது மருத்துவர் முட்டையும் கோழிச்சாறும் பரிந்துரைத்ததையும், தன் சமயக் கொள்கைப்படி அதை ஏற்காத காந்தி மகனிடமே கேட்க அவன் தந்தையின் நீர்ச்சிகிச்சை வழியையே ஏற்றதையும் காந்தியின் தன்வரலாறான சத்திய சோதனை பதிவுசெய்கிறது. மகன் பிழைத்தான், அதற்குக் காரணம் இறையருளா, நீர்ச்சிகிச்சையா, பத்தியமா என்று யார் சொல்ல முடியும் என்று காந்தியே தயங்குகிறார். காய்ச்சலில் கிடக்கும் சிறுவன் தந்தைக்குச் சொன்ன 'சரி' எந்த அளவுக்கு அவனுடையது என்பதும் அதே அளவு தயக்கத்திற்குரியது. பெற்றோரின் விரதத்தைக் குழந்தையின் உடல் சுமக்கும்போது, விலக்குபவர் உண்மையில் பெற்றோராகவே இருத்தல் கூடும்.

வற்புறுத்தலுக்கு ஐயமற்ற இடம் ஒன்று உண்டென்றால் அது உயிராபத்தின் எல்லையாகும். கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஆளான குழந்தையை வீட்டிலேயே தேற்றலாமா, மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்வதற்குச் செய்யப்படும் சோதனைகளுள் ஒன்று பசிச் சோதனை: சத்துணவுப் பசையைத் தாயின் மடியில் இருந்தபடி, வற்புறுத்தலின்றிக் குழந்தை உண்கிறதா என்று பார்ப்பார்கள். உண்ணாத குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறது. வாய்வழி உண்ண இயலாதபோது மூக்குவழிக் குழாயில் பால் செலுத்தப்படுகிறது. அங்கும் ஒவ்வொரு வேளையும் முதலில் வாய்வழியே கொடுத்துப் பார்த்து, எஞ்சியதை மட்டுமே குழாயில் விடுகிறார்கள்; குழந்தை போதிய அளவு தானாக உட்கொள்ளத் தொடங்கியதும் குழாய் அகற்றப்படுகிறது.