நன்றிக்கு வாரிசு உண்டா?

தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பது உலக வழக்கு. தந்தை பெற்ற உதவிக்கும் மகன் கடமைப்பட்டவனா என்று வினவினால், பெரும்பாலோர் ‘ஆம்’ என்றே விடை கூறுவர். ஆனால் உதவி பெற்றவர்களுக்கும் கைம்மாறு செய்தவர்களுக்கும் இடையே ஏறத்தாழ 95 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒரே நாட்டில் பிறந்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு உறவும் இல்லை. அப்போதும் அந்தக் கடன் நிலைத்திருக்குமா? ஜப்பானும் துருக்கியும் கொண்டுள்ள நட்பு இந்த வினாவை எழுப்புகிறது.

1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, ‘எர்துருல்’ என்னும் போர்க்கப்பலை ஜப்பானுக்கு அனுப்பினார். அது மரத்தாலான பழைய கப்பல். பதினொரு மாதப் பயணத்திற்குப் பிறகு 1890 ஜூன் மாதம் யோகஹாமாவை அடைந்தது. தூதுக்குழுவினர் மெய்ஜிப் பேரரசரைக் கண்டு சுல்தானின் பரிசுகளை அளித்தனர். கப்பலில் காலரா பரவியதால் திரும்புவது தாமதமாயிற்று. செப்டம்பர் 15 அன்று புறப்பட்ட கப்பல், மறுநாள் இரவு புயலில் சிக்கி, கீ ஓஷிமா தீவின் காஷினோசாகி கலங்கரை விளக்கத்திற்கு அருகே பாறைகளில் மோதிச் சிதைந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். 69 பேர் பிழைத்தனர்.

பிழைத்தவர்களைக் கரைசேர்த்தவர்கள் அத்தீவின் எளிய மீனவக் குடும்பத்தினர். வந்தவர்களின் மொழி அவர்களுக்குப் புரியவில்லை. எந்த நாட்டினர் என்பதும் முதலில் தெரியவில்லை. குளிரில் விறைத்த உடல்களைத் தங்கள் உடல் வெப்பத்தாலேயே சூடேற்றினர். புயலால் மீன்பிடிக்கச் செல்ல இயலாத நாட்களுக்கென்று சேமித்து வைத்திருந்த தானியத்தையும், வளர்த்த கோழிகளையும் அவர்களுக்கு உணவாக்கினர். சிகிச்சை செலவுக்குக் கணக்குக் கேட்டபோது மருத்துவர்கள், கட்டணம் பெறும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே தங்களுக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தனர். அந்தத் தொகையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கே அளித்துவிடும்படி வேண்டினர். பின்னர் ஹியேய், கொங்கோ என்னும் இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு 1891 ஜனவரியில் இஸ்தான்புல்லை அடைந்தன.

கைம்மாறு செய்ய இயலாதவனுக்கு, கடமை என்னும் உணர்வுடன் அளிப்பதையே கீதையின் பதினேழாம் அத்தியாயம் சாத்விக தானம் என்கிறது. கீதையின் பெயரைக்கூடக் கேட்டிராத மீனவர்கள் அந்த இலக்கணத்தை ஓர் இரவில் வாழ்ந்து காட்டினர்.

இனி 1985. ஈரான்–ஈராக் போரின்போது, மார்ச் மாதம், சதாம் ஹுசேன் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: 48 மணி நேரத்திற்குப் பின் ஈரானின் வான்வெளியில் பறக்கும் எந்த விமானமும் சுட்டு வீழ்த்தப்படும். ஒவ்வொரு நாடும் தன் மக்களை அழைத்துக்கொண்டு வெளியேற விரைந்தது. ஜப்பானிலிருந்து விமானம் வரவில்லை. பாதுகாப்பிற்கு உறுதி கிடைக்கவில்லை. படை விமானங்களை வெளிநாட்டிற்கு அனுப்ப அந்நாட்டுச் சட்டமும் அன்று இடம் தரவில்லை. தெஹ்ரானில் தவித்த ஜப்பானியர்களுக்காக, பிரதமர் துர்குத் ஓசாலின் துருக்கி அரசு விமானம் அனுப்பியது. மார்ச் 19 அன்று, கெடு முடிவதற்குச் சற்று முன், 215 ஜப்பானியர்கள் இரண்டு துருக்கிய விமானங்களில் காப்பாற்றப்பட்டனர். ஏன் இதைச் செய்தீர்கள் என்று பின்னாளில் கேட்டவர்களுக்குத் துருக்கியர் அளித்த விடை ஒரே சொல்: எர்துருல்.

இவ்விடையை அப்படியே ஏற்றுக்கொள்வது எளிது, ஆனால் நேர்மையாகாது. கப்பல் வந்ததே சுல்தானின் அரசியல் நோக்கத்தால்தான். முதல் உலகப்போரில் இரு நாடுகளும் எதிரெதிர் அணிகளில் நின்றன. முறையான தூதரக உறவு 1924-இல்தான் ஏற்பட்டது. 1945 பிப்ரவரியில் துருக்கி ஜப்பான்மீது போரே அறிவித்தது. 1980-களில் ஜப்பானின் பொருளாதார உறவு துருக்கிக்கு வேண்டியதாகவும் இருந்தது. ஆகவே அரசுகளின் நட்பு நலன்களின் நிழல் என்று கூறுவோரை வெறும் ஐயவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. எனினும் நலன் மட்டுமே நோக்கமென்றால், அதைப் பேண ஆபத்தில்லாத வழிகள் வேறு பல இருந்தன. சுட்டு வீழ்த்தப்படக்கூடிய வானில் விமானியை அனுப்பத் தேவையில்லை.

இன்னும் கடினமான ஐயம் ஒன்று உண்டு. ஓர் உதவியை ஏழு பிறப்பிலும் மறவாதிருப்பதை வள்ளுவர் சிறப்பிக்கிறார். ஆனால் அங்கே நினைப்பது உதவி பெற்ற அதே உயிர். ஒரு நாட்டிற்கு அத்தகைய உயிர் உண்டா? முன்னோரின் நன்றியைச் சந்ததி ஏற்கலாம் என்றால், முன்னோரின் பகையையும் ஏற்கலாம் என்றாகிவிடாதா? நாடுகளின் வரலாற்றில் இரண்டாவதே மிகுதியாக நடந்திருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. பகையை வாரிசாகப் பெறுபவன், தவறேதும் செய்யாத ஒருவனைத் தண்டிக்கிறான், அது அநீதி. நன்றியை வாரிசாகப் பெறுபவன், உதவியேதும் செய்யாத ஒருவனுக்கு நன்மை செய்கிறான். அதனால் எவருக்கும் அநீதி இல்லை. கடனென்று வற்புறுத்த முடியாததாலேயே அது தானத்தின் தன்மையைப் பெறுகிறது. தெஹ்ரானிலிருந்து பறந்த 215 பேரில் எவரும் துருக்கியரைக் கடலிலிருந்து மீட்டவரல்லர். அவர்களை அழைத்துச் சென்றவர்களும் மீட்கப்பட்டவரல்லர்.

ஆயினும் ‘எவருக்கும் அநீதி இல்லை’ என்பதை ஓரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்நேரத்தில் ஈரானில் துருக்கியர்களும் இருந்தனர். அவர்களில் பலர் விமானத்தில் இடமின்றிச் சாலை வழியே நீண்ட, இடர்மிக்க பயணம் செய்து தாயகம் திரும்பினர். தன் குடிமக்களைத் தரைவழியில் விட்டுவிட்டு அயலாரை ஏற்றுவது ஓர் அரசுக்குத் தகுமா? குடிகளைக் காப்பதே அரசின் முதற்கடமை என்னும் நூல்கள் இங்கே தயங்கும். ஆனால் துருக்கிக்கும் ஈரானுக்கும் பொது எல்லை உண்டு. துருக்கியருக்குத் திரும்பிச் செல்லத் தரைவழி இருந்தது. ஜப்பானியருக்கோ வானத்தை விட்டால் வேறு வழியில்லை. வழியுள்ளவன் வழியற்றவனுக்கு இடம் விடுவது முதற்கடமையை மீறுவதாகாது. எனினும் அதன் விலையைச் செலுத்தியவர் அமைச்சர்களல்லர். பெயர் தெரியாத பயணிகளே. நட்பு விழாக்களில் அவர்களை நினைவுகூர்வது அரிதாகவே இருக்கிறது.

அதன்பின் கணக்கு நின்றுவிடவில்லை. 1999-இல் வடமேற்குத் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது ஜப்பான் உதவியது. 2011-இல் ஆழிப்பேரலைக்குப் பின் துருக்கிய மீட்புக் குழு ஜப்பானுக்கு வந்து பணியாற்றியது. 2023 பிப்ரவரியில் மீண்டும் ஜப்பானியர் துருக்கியின் இடிபாடுகளில் உயிர்களைத் தேடினர். காஷினோசாகியில் துருக்கிய மாலுமிகளின் கல்லறையும் நினைவுத் தூணும் இன்றும் உள்ளன. குறித்த ஆண்டுகளில் இரு நாட்டினரும் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். மற்ற நாட்களில் அவ்விடத்தைப் பேணுவது அத்தீவின் மக்களே.