பாவையும் பரிவும்

தமிழில் பாவை என்னும் சொல் பொம்மையையும் குறிக்கும். கண்மணியில் தோன்றும் உருவத்தையும் குறிக்கும். பார்க்கப்படும் பொருளும் பார்க்கும் கண்ணும் ஒரு பெயரால் வழங்குவது சிந்தனைக்குரியது.

1963ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1965இல் பிரிட்டனில் 'தண்டர்பேர்ட்ஸ்' என்னும் பாவைத் தொடர் வெளிவந்தது. தந்தையும் ஐந்து புதல்வரும் இடருற்றோரைக் காக்கும் கதை அது. பதிவு செய்த குரலுக்கேற்பப் பாவைகளின் உதடுகள் மின்விசையால் அசைந்தன; அவற்றைத் தாங்கிய கம்பிகளோ சில வேளை கண்ணுக்குப் புலப்பட்டன.

சிம்பாங் ரெங்கத்தில், ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்து, சிறுவனாய் அதனைக் கண்ட ஒருவர், முதுமையில் அதை நினைந்து கண் கலங்குகிறார் என்று கொள்வோம். உயிரற்ற பாவைக்காக உருகிய உள்ளம் ஏமாந்த உள்ளந்தானா?

அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது. கம்பியைக் கண்ட பின்னும் அச்சிறுவன் அஞ்சினான். இடர் நீங்கியபோது மகிழ்ந்தான். பாவை பொய், பரிவு மெய்.

ஆயினும், ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நாணம் அற்றவரின் இயக்கத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இரப்பவர் இல்லாத உலகின் இயக்கத்தையும் மரப்பாவையின் இயக்கமாகவே கண்டார். அகத்தே அறவுணர்வும் புறத்தே ஈகையும் இன்றேல் மனிதனும் பாவையே. பழமையை எண்ணி உருகுபவர் அண்டை வீட்டார் துயர் கேட்டும் அசையாதிருப்பாராயின், நினைவே கயிறாகி அவரை ஆட்டுகிறது. அன்று பாவைக்கு இரங்கிய கண் இன்று மனிதர்க்கும் இரங்குமாயின், அந்நினைவு அறத்தின் வித்தாகும்.