விமானிக்குச் சொல்லாத செய்தி

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் நம் வாயில் முதலில் வருவது வயதுதான். "சின்னப் பையன் சார், சீக்கிரம் வாங்க" என்போம். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் ஓட்டும் பல இடங்களில் அந்த ஒரு சொல் விமானியின் காதில் விழவே கூடாது. ராத்திரி போன் வரும். எங்கே இறங்க வேண்டும், அங்கிருந்து எந்த ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் சொல்வார்கள். அவர் வானிலையைப் பார்ப்பார், எரிபொருளைக் கணக்குப் போடுவார், போகலாம் அல்லது முடியாது என்பார். காத்திருப்பது குழந்தையா கிழவரா என்பதெல்லாம் அந்தப் பதிலுக்கு அப்புறம்.

கல்நெஞ்சம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் குழந்தை என்று கேட்டுவிட்டால், மேகம் அதே உயரத்தில் இருக்க, அதைப் பார்க்கிற கண் மாறிவிடும். கொஞ்ச தூரம் போய்த்தான் பார்ப்போமே என்று மனசு சொல்லும். இருட்டில் மேகத்துக்குள் நுழைந்தபின் உடம்பை நம்ப முடியாது. சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டர் நேராகப் போவதாகக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சாதிக்கும்.

மேரிலாண்ட் மாநிலத்தில் 1970லிருந்தே போலீஸ் ஹெலிகாப்டர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிப் போகின்றன. விபத்துக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது என்று ஊரெல்லாம் சொன்ன டாக்டர் ஆடம்ஸ் கவுலி அங்கேதான் வேலை பார்த்தார். அங்கே 2008 செப்டம்பர் 27, நள்ளிரவு நெருங்கும் நேரம். கார் விபத்தில் அடிபட்ட இரண்டு இளம்பெண்களை ஏற்றிய ஹெலிகாப்டர், மேகம் தாழ்ந்துவிட்டதால் ஆஸ்பத்திரியை விட்டு விமானப்படைத் தளத்துக்குத் திரும்பியது. தரை கண்ணுக்குத் தட்டுப்படட்டும் என்று விமானி வேகமாக இறக்கினார். முதலில் வந்தது மரம். ஐந்து பேரில் நால்வர் இறந்தார்கள். பிழைத்தவர் அந்தப் பெண்களில் ஒருத்தி.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம் பழமொழி. இந்தத் தொழிலில் அதை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது. 2002 ஜனவரி முதல் மூன்றாண்டுகளில் அமெரிக்காவில் மருத்துவ விமானங்களும் ஹெலிகாப்டர்களும் 55 விபத்துகளைச் சந்தித்தன; அவற்றில் 54 பேர் இறந்தார்கள். இதில் வியாபாரமும் கலந்திருந்தது. ஒரு கம்பெனி வானிலை சரியில்லை என்று மறுத்தால், ஹெலிகாப்டரைக் கூப்பிட்டவர்கள் அந்த விஷயத்தை மறைத்து அடுத்த கம்பெனிக்குப் போன் போடுவார்கள். கடை கடையாக ஏறி விலை கேட்பதுபோல. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும், கடுமையான வானிலை வரம்புகளும் சட்டமாக 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விமானிகளிடம் அதற்கும் முந்தைய வழக்கம் ஒன்று உண்டு. கிளம்ப ஹெலிகாப்டரில் வேலை பார்க்கும் மூவரும் சம்மதிக்க வேண்டும். திரும்ப ஒருவர் சொன்னால் போதும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது.

ஆனாலும் இறங்கியபின் விமானி நோயாளியைப் பார்த்துவிடுகிறார், அதை எந்த விதியும் மறைக்காது. 2011 ஆகஸ்டில் மிசௌரியில் ஒரு விமானி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் எரிபொருள் நினைத்ததைவிட வெகு குறைவு என்று கண்டார். நோயாளியை ஏற்றிக்கொண்டு, வழியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று கிளம்பினார். விமான நிலையத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது இன்ஜின் நின்றது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். தூக்கக் குறைவும் செல்போன் குறுஞ்செய்திகளும் காரணங்களில் சேர்ந்தவை என்றது விசாரணை அறிக்கை. ஸ்ட்ரெச்சரில் ஒருவர் காத்திருந்ததையும் சேர்த்துத்தான் நான் அதைப் படிக்கிறேன்.

முடியாது என்று சொன்ன விமானிக்கு அந்த ராத்திரி வேறு வேலை இல்லை. எங்கோ ஒரு சாலையில் சாதாரண ஆம்புலன்ஸ் சைரனோடு கிளம்பியிருக்கும். உள்ளே யார் என்று அவர் கேட்க மாட்டார். அவரிடம் யாரும் சொல்லவும் மாட்டார்கள்.