முள்ளும் மோதிரமும்

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவை ஒட்டிய சந்து ஒன்றில் படங்களுக்குப் பிரேம் போட்டுத் தரும் கடை இருக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் துணையாக அங்கே போயிருந்தேன். அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த படத்தின் கண்ணாடி குறுக்கே கீறல் விட்டிருந்தது. கடைக்காரர் படத்தைக் கவிழ்த்துப் போட்டு, துருப்பிடித்த சிற்றாணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பின்பக்கம் அடைத்திருந்த பழைய மைலோ அட்டையைத் தூக்கினார். அட்டைக்கும் படத்துக்கும் நடுவிலிருந்து மடித்த காகிதங்கள் சில வழுக்கி மேசையில் விழுந்தன. அம்மை குத்திய கார்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள் இரண்டு, ஓரங்களைப் பூச்சி தின்ற ஒரு கடிதம். "லயத்து வீட்ல அலமாரி ஏது தம்பி? இதுக்குப் பின்னாலதான் எல்லாத்தையும் வெச்சிருந்தோம்" என்றார் பாட்டி.

படம் சகுந்தலை. ரவி வர்மாவின் ஓவியத்தைப் பார்த்து யாரோ வரைந்து காலண்டருக்காக அச்சிட்டது; கீழே மளிகைக் கடையின் பெயர் இருந்த பகுதியைக் கத்தரித்துவிட்டு மாட்டியிருந்தார்கள். தோழியின் தோளில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் மடக்கி, பாதத்தில் தைக்காத முள்ளைத் தேடுகிற பாவனையில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். யாரைப் பார்க்கிறாளோ அவன் படத்தில் இல்லை. பாட்டிக்கு அவள் சகுந்தலை என்பது தெரியும், முள் பொய் என்பதும் தெரியும். மற்றபடி, படம் அழகாக இருந்தது, அதனால் மாட்டினோம் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நம்மில் பலருக்கும் சொல்ல அவ்வளவுதான் இருக்கும்.

ஆனால் ஒரு நாடகத்திலிருந்து எந்தக் கணத்தை எடுத்துச் சுவரில் நிறுத்துகிறோம் என்பது அவ்வளவு அறியாத்தனமாக நடக்கிற தேர்வல்ல என்று எனக்குப் படுகிறது. காளிதாசனின் நாடகம் ஏழு அங்கம். முள் என்று ஓவியர்கள் வரைவது நாடகத்தில் தர்ப்பையின் நுனி. முதல் அங்கம் முடிகிற இடத்தில் வந்துபோகிற ஒரு சிறு சாக்கு. அதற்கு நான்கு அங்கம் தள்ளி, சூல்கொண்ட வயிற்றோடு அவள் அரசவையில் நிற்க, அவளை மணந்த அரசன் துஷ்யந்தன் இவளை நான் பார்த்ததே இல்லை என்கிறான். நாடகத்தின் முதுகெலும்பு அந்த அவைதான். அதை எந்த வீட்டுச் சுவரிலும் இதுவரை நான் கண்டதில்லை.

ரவி வர்மாவைச் சகுந்தலை விட்டதாகத் தெரியவில்லை. 1876இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றது, அவள் துஷ்யந்தனுக்குத் தாமரை இலையில் மடல் எழுதும் படம். அதை அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் வாங்கினார். பின்னர் அந்த நாடகத்தின் மோனியர் வில்லியம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அதுவே முகப்போவியமானது. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய கல்லச்சுக் கூடத்திலிருந்து முதலில் வெளிவந்ததாகச் சொல்லப்படும் படமும் சகுந்தலையின் பிறப்பு. அவருடைய பெண்கள் நிற்கும் நிலையிலும் கழுத்தைத் திருப்பும் விதத்திலும் பார்சி, மராத்தி நாடக மேடையின் சாயலைக் கலை வரலாற்றாசிரியர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது மேடையைப் பார்த்துப் படம் வந்தது. பிறகு படத்தைப் பார்த்து மேடை தன்னை மாற்றிக்கொண்டது. சகுந்தலை என்றால் இப்படித்தான் சேலை கட்டுவாள், இந்தக் கோணத்தில்தான் திரும்புவாள் என்று நடிகைகளும், அவர்களுக்குப் பின்னால் தொங்கும் படுதாவை எழுதியவர்களும் அச்சுப் படத்திலிருந்து கற்றார்கள். 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமி திரையில் சகுந்தலையாக வந்தபோது, பார்த்தவர்களுக்கு அவள் புதியவளாக இருந்திருக்க முடியாது.

படுதா எழுதியவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தர்பார், வனம், தெரு, சிறைச்சாலை என்று நாலைந்து படுதாக்கள் கையில் இருந்தால் ஒரு கம்பெனி எந்த நாடகத்தையும் ஓட்டிவிடும். அரிச்சந்திரன் ஆண்ட அதே தர்பாரில் மறுநாள் துஷ்யந்தன் ஆள்வான். வள்ளி தினை காத்த வனத்தில் நளன் தமயந்தியை விட்டுப் போவான். இப்படி நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர்தான் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, சில காலம் ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, கப்பலேறி, மலாயாவின் லயத்து வீடுகள்வரை வந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளின் கல்லாவுக்கு மேலே இன்றும் தொங்கும் முருகனையும் லட்சுமியையும் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், பின்னால் இருக்கும் மலையும் பொய்கையும் தூணும் கோயிலிலிருந்து வந்தவையாகத் தோன்றவில்லை. மேடையிலிருந்து வந்தவையாகத்தான் தோன்றுகின்றன.

அதே படுதா வேறொரு வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தது. பார்சி நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் இறங்கின. அவற்றைப் பார்த்து எழுந்த மலாய் பங்சாவான் மேடையும் அரண்மனை, தெரு, தோட்டம், காடு, ஏழை வீடு என்று வகைப்படுத்திய எழுதுதிரைகளை வைத்துக்கொண்டு இந்திர சபாவையும் ஹாம்லெட்டையும் நடத்தியது. இந்த நாட்டின் இனங்கள் தனித்தனி அறைகளில் வாழ்வதாக நாம் நம்பப் பழகியிருக்கிறோம். படுதாக்கள் அப்படி நம்பியதாகத் தெரியவில்லை.

நாடகத்தைப் படமாக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. வில்லியம் ஜோன்ஸ் சகுந்தலையை ஆங்கிலத்தில் கல்கத்தாவில் வெளியிட்ட அதே 1789இல், லண்டனில் பாய்டெல் என்ற பதிப்பாளர் ஷேக்ஸ்பியரின் காட்சிகளை மட்டும் ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்து ஒரு கூடத்தையே திறந்தார். பின்னர் கடனில் மூழ்கி, அந்தப் படங்களை லாட்டரிச் சீட்டில் ஏற்றிக் கரைசேர வேண்டியிருந்தது. கூடம் திறந்து அறுபது ஆண்டுக்குப் பின் மில்லே வரைந்த ஒஃபீலியா இன்னும் உலகெங்கும் தொங்குகிறாள். ஓடையில் மிதந்து பாடியபடி அவள் சாவது ஹாம்லெட்டில் மேடையில் நடப்பதே இல்லை. அரசி வந்து சொல்லக் கேட்கிறோம், அவ்வளவுதான். அதை வரைவதற்காக ஓர் இளம் பெண் குளியல் தொட்டியில் மணிக்கணக்கில் கிடந்தாள், தண்ணீரைச் சூடாக்க வைத்த விளக்குகள் அணைந்ததை ஓவியர் கவனிக்கவில்லை, அவள் நோயில் விழ, தகப்பன் மருத்துவச் செலவு கேட்டார். ஒரு பெண்ணின் துயரத்தை அத்தனை நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த கண் அது.

காளிதாசன் இதையெல்லாம் முன்பே பார்த்துவிட்டான் என்பதுதான் வியப்பு. சகுந்தலையைப் படமாக வரைந்த முதல் ஆள் அவனுடைய நாடகத்துக்குள்ளேயே இருக்கிறான்: துஷ்யந்தன். ஆறாம் அங்கத்தில், அவள் தொலைத்த மோதிரம் கிடைத்து, சாபத்தால் போன நினைவு திரும்பிய பிறகு, அரசன் தன் கையாலேயே அவளை வரைந்து வைத்துக்கொண்டு உருகுகிறான். தோழிகள் இருவர் நடுவில், நீர் தெளித்த மாமரத்தின் அருகில், சற்றே களைத்து அவள் நிற்கிறாள். இன்னும் மாலினி ஆறு வரைய வேண்டும், மணலில் அன்னங்கள் வேண்டும், மான்கள் வேண்டும், கிளையில் உலரும் மரவுரி வேண்டும், காதில் செருகிய வாகைப்பூவை மறந்துவிட்டேனே என்று தவிக்கிறான். அவள் முகத்தருகே வரைந்த வண்டை நிஜமென்று நம்பி அதட்டுகிறான். இது படம் ஐயா என்று விதூஷகன் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வேறொரு ராணி வருகிறாள் என்று தெரிந்ததும் விதூஷகன் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

அரசன் எதை வரைந்தான், எதை வரையவில்லை என்று பாருங்கள். அவன் அவையை வரையவில்லை. நினைவு திரும்பியவனுக்கு அதுவும் சேர்ந்துதானே திரும்பியிருக்கும்? அதை எண்ணி அவன் அழவும் செய்கிறான். ஆனால் தூரிகையை எடுத்ததும் கை ஆசிரமத்துக்குப் போய்விடுகிறது. அவனுக்குப் பின் வந்த ஓவியர்கள், அச்சகக்காரர்கள், காலண்டர் முதலாளிகள், மாட்டிய நாம் எல்லோரும் அந்தக் கையைத்தான் பின்பற்றியிருக்கிறோம். அவள் பார்வை திரும்பியிருக்கும் திக்கில், சட்டத்துக்கு வெளியே, அவன் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நாமும் நின்றுகொண்டிருக்கிறோம்.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இந்தக் கதை இன்னும் முரடானது. அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அரசனுக்கு அவளை நன்றாகவே நினைவிருக்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்று தெரிந்தே மறுக்கிறான். அவளும் சளைக்காமல் வாதாடுகிறாள். காளிதாசன்தான் துர்வாசரைக் கொண்டுவந்து, சாபத்தால் நினைவைப் போக்கி, அரசனைக் கண்ணியமானவனாக ஆக்கித் தந்தான். அதன் பிறகு அந்த அவையில் யாரும் பொய் சொல்வதில்லை. அரசனுக்கு உண்மையாகவே நினைவில்லை. அவளிடம் அத்தாட்சி இல்லை. விரலைப் பார்க்கிறாள், மோதிரம் நீரில் நழுவிப் போயிருக்கிறது. அப்போது அவள் செய்வதுதான் தாங்க முடியாதது: ஒரு மான்குட்டி உன் கையிலிருந்து தண்ணீர் குடிக்க மறுத்ததே, என் கையில் குடித்ததே என்று சொல்லிப் பார்க்கிறாள். அவையில் மான்குட்டியை யார் ஆவணமாக ஏற்பார்கள்? கூட வந்த ஆசிரமத்து ஆண்களும் அவளை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மோதிரத்தை மீன் வயிற்றில் கண்டெடுத்த செம்படவனுக்கோ, அத்தாட்சி கையில் இருந்ததற்காகவே காவலர்களிடம் அடி.

இந்தக் காட்சியை நம் சனம் புராணத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1957 விடுதலைக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போடத் தெரியாமலோ, போடச் சொல்ல ஆளில்லாமலோ தோட்டங்களில் தங்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர். அறுபதுகளின் இறுதியில் வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் மலாயாவை விட்டு ஊர் திரும்பினார்கள். ஊருக்கு ஏற்றிச் சென்ற ரஜுலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் முகம் மாறும் கிழவர்கள் கிள்ளானில் இருக்கிறார்கள். தங்கியவர்களில் சிலரிடம் இன்னும் குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.தான். பாட்டியும் அவர்களில் ஒருவர். பிறந்தது கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில். எப்போது என்று கேட்டால், ஜப்பான்காரன் போன மறுவருசம் என்பார். எந்த டிரஸ்ஸர் பிரசவம் பார்த்தார், எந்தக் கங்காணி பெயர் வைத்தார், அன்று எந்த நிரையில் அம்மா பால் வெட்டிக்கொண்டிருந்தாள் எல்லாம் சொல்வார். பதிவு அலுவலகக் கவுண்டரில் இருக்கும் பெண் பொறுமையானவள், பாட்டியிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. பிறப்புப் பத்திரம் கேட்கிறாள், அவ்வளவுதான்.

பாரதப் படங்களை வீட்டில் மாட்டினால் சண்டை வரும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாஞ்சாலியை அவைக்கு இழுத்து வந்த காட்சியும் அச்சுப் படமாக வந்ததுதான். எந்தக் கூடத்திலும் இடம் பெறவில்லை. கீதோபதேசத்துக்கு மட்டும் விலக்கு. அதில் சண்டை இன்னும் தொடங்கவில்லை என்பதாலோ என்னவோ. கண்ணகி ஒருத்திதான் அவையில் நிற்கும் கோலத்திலேயே நமக்கு உருவமானவள். 1966இல் கோலாலம்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு 1968இல் சென்னையில் கூடியபோது அவளை மெரினாவில், சிலம்பேந்திய கையோடு நிறுத்தினார்கள். அவளுடைய நல்ல காலம், கையில் இன்னொரு சிலம்பு இருந்தது. ஆனால் அவளும் கடற்கரையில்தான் நிற்கிறாள், கூடத்தில் அல்ல. அங்கிருந்தும் 2001இல் பெயர்த்தெடுக்கப்பட்டு, திரும்பி வர 2006 ஆயிற்று. கோபமாக நிற்கும் பெண்ணுக்குப் பொது இடத்தில் பீடமும், முள் எடுக்கும் பாவனையில் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் ஆணியும் என்று நாம் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்றும் தோன்றுகிறது. நாள் முழுதும் பால் வெட்டிவிட்டு வருகிறவள் சாயங்காலம் சுவரில் எதைப் பார்க்க விரும்புவாள்? அவையையா? அதை அவள் பகலிலேயே பார்த்துவிட்டாள். பொய் முள்ளும், திரும்பிப் பார்க்கும் கண்ணும், பின்னால் பச்சை மரங்களும் இருந்த ஒரு சதுரம் அவளுக்கு வேண்டியிருந்தது. நாடகத்தின் மீதிப் பகுதியை அவள் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் புதுக் கண்ணாடியைத் துடைத்து வைத்து, படத்தை அதன் மேல் குப்புறக் கிடத்தினார். பழைய மைலோ அட்டை நொறுங்கிப் போயிருந்ததால் வேறு அட்டை அளந்து வெட்டினார். ஆணி அடிக்குமுன் காகிதங்களைச் சேர்த்தெடுத்து, "இதெல்லாம் திரும்ப உள்ளயே வெச்சிடட்டுமா, பாட்டி?" என்று கேட்டார்.

"வேணாம்பா, குடு. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க" என்று வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார் பாட்டி. பிறகு, பிரேமுக்கு எத்தனை வெள்ளி என்று கேட்டார்.